கிறுக்கின் பாரம் யார் தலையில்? டூப்பான் முதல் மங்க் வரை

2002 ஜூலை 12 அன்று யுஎஸ்ஏ நெட்வொர்க் என்ற அமெரிக்க கேபிள் சேனலில் 'மங்க்' தொடர் தொடங்கியது. ஒரு பெண் கொலையுண்ட வீடு. காவலர்கள் சூழ்ந்து நிற்க, துப்பறிவாளர் ஏட்ரியன் மங்க் இரு கைகளையும் முன்னே உயர்த்தி அறையை அங்குலம் அங்குலமாக அளக்கிறார். மற்றவர் கண்ணில் படாத தடயங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நடுநடுவே அவரைக் குடைவது வேறொரு கவலை: வீட்டில் அடுப்பை அணைத்தோமா? அடுத்த எட்டு சீசன்களின், 125 எபிசோடுகளின் மொத்த இயல்பும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. 2009 டிசம்பர் 4 அன்று ஒளிபரப்பான இறுதி எபிசோடை 94 லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு கேபிள் தொடருக்கு அது அன்று பெரிய சாதனை.

இவ்வளவு பேரை இழுத்தது கொலைப் புதிர்தான் என்று சொல்ல முடியாது. பல எபிசோடுகளில் கொலையாளி யார் என்பது பாதியிலேயே பிடிபட்டுவிடும். ஈர்ப்பின் வேரைத் தேடினால் துப்பறியும் கதையின் 160 ஆண்டு வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. விநோத குணமுள்ள துப்பறிவாளர் தொடக்கம் முதலே உண்டு. அந்த விநோதத்தின் தொல்லை யார் தலையில் விழுகிறது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. மங்க் தொடரின் புதுமை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1841இல் எட்கர் ஆலன் போ படைத்த டூப்பான், பகலில் ஜன்னல்களை அடைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு, இருட்டிய பிறகே பாரிஸ் தெருக்களில் உலவக் கிளம்புபவர். அவர் குடியிருக்கும் பாழடைந்த மாளிகைக்கு வாடகை கொடுப்பது கதையைச் சொல்லும் நண்பர். அந்த நண்பருக்குப் போ ஒரு பெயர்கூட வைக்கவில்லை. 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் வந்தபோது உடனிருப்பவருக்குப் பெயரும் குரலும் கிடைத்தன. ஹோம்ஸ் சுருட்டுகளை நிலக்கரித் தொட்டியிலும் புகையிலையைப் பாரசீகச் செருப்பின் நுனியிலும் வைப்பார். பதில் எழுதாத கடிதங்களை மரச்சட்டத்தில் கத்தியால் குத்தி நிறுத்துவார். அலுத்துக்கொள்பவர் வாட்சன். ஹோம்ஸின் கிறுக்கு நமக்குச் சிரிப்பாவதற்குக் காரணம், அந்த வீட்டில் வாட்சன் படும் பாடு.

1920இல் அகதா கிறிஸ்டியின் முதல் நாவலில் ஒரு முக்கியமான திருப்பம் வந்தது. ஹெர்க்யூல் பொய்ரோவுக்குப் பொருள்கள் நேர்வரிசையில் இருந்தாக வேண்டும். கணப்பு மேடையில் இருந்த அலங்காரப் பொருள்களை அவர் ஒருமுறை ஒழுங்குபடுத்துகிறார். பிறகு மறுபடியும் அவற்றையே நேராக்க வேண்டியிருந்தது என்பது நண்பர் ஹேஸ்டிங்ஸ் தற்செயலாகச் சொன்ன பேச்சில் உறைக்கிறது. அப்படியானால் இடையில் யாரோ அவற்றைத் தொட்டிருக்கிறார்கள். ஒளித்துவைக்கப்பட்ட கடிதம் அங்கேயே அகப்படுகிறது. அதுவரை பாத்திரத்துக்கு அழகு சேர்த்த விநோதம், இங்கே தடயம் காட்டும் கருவியாகிவிட்டது. மங்க்கின் நேரடி மூதாதை ஹோம்ஸ் என்று பலர் சொல்வார்கள். மங்க்கின் அண்ணன், வீட்டை விட்டு வெளியேறாத மேதை ஆம்ப்ரோஸைப் பார்த்தால் ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் நினைவுக்கு வருவதும் உண்மை. ஆனாலும் அந்தக் கணப்பு மேடையைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

தொலைக்காட்சிக்கு வந்தபோது பாரம் வேறு பக்கம் சாய்ந்தது. ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் படைத்த கொலம்போ, 1960இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் தோன்றி, மேடை ஏறி, 1968இல் பீட்டர் ஃபாக்கின் உருவில் நிலைபெற்றார். கசங்கிய மழைக்கோட்டு ஃபாக்கின் சொந்த உடைமை. கொலையாளி யார் என்பது முதலிலேயே நமக்குக் காட்டப்படும். அவர்கள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸின் பெரும் பணக்காரர்கள். வாசல்வரை போய்விட்டு, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று திரும்பி வரும் கொலம்போவின் வழக்கம் எப்படிப் பிறந்தது என்பதை லிங்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: எழுதிய காட்சி சிறியதாகப் போனது, பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்ய அலுப்பாக இருந்தது, வெளியேறிய ஆளையே திரும்பி வரவைத்தார்கள். அந்தத் திரும்பிவரல் ஒரு வர்க்கத்தின் பொறுமையைக் குலைக்கும் ஆயுதமானது. கொலம்போவின் கிறுக்கால் அவதிப்படுபவர் கொலையாளி மட்டுமே. உடனிருக்கும் நண்பர் தேவைப்படவில்லை. ஓயாமல் பேசப்படும் மனைவியும் திரைக்கு வருவதில்லை. 2003 வரை வந்த 69 எபிசோடுகளிலும் இந்த இன்பம் குறையவில்லை.

மங்க்கின் கதை ஏபிசி சேனலில் தொடங்கியது. 'பிங்க் பேந்தர்' படங்களின் இன்ஸ்பெக்டர் க்ளூஸோவைப் போல ஒரு கோமாளித் துப்பறிவாளர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். தயாரிப்பாளர் டேவிட் ஹோபர்மன், தன் சொந்த அனுபவத்திலிருந்து, ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ள ஒருவரை முன்வைத்தார். நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு எழுதிப் பழகிய ஆண்டி பிரெக்மன் அவருக்கு உருவம் கொடுத்தார். ஏபிசி கைவிட, கேபிள் சேனல் எடுத்துக்கொண்டது. மங்க்காக நடித்த டோனி ஷலூப் மூன்று எம்மி விருதுகள் பெற்றார்.

மங்க்கின் மனைவி ட்ரூடி 1997இல் கார் குண்டுவெடிப்பில் இறந்தவர். சிறு வயது முதலே இருந்த நோய் அதன்பின் முற்றி, சான்பிரான்சிஸ்கோ காவல்துறை வேலையும் போய்விட்டது. உதவிக்கு வந்த ஷரோனா பயிற்சி பெற்ற நர்ஸ். டூப்பானின் நண்பர் வாடகை கொடுத்தார், வாட்சன் பொறுத்துக்கொண்டார், ஷரோனா நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார். யாரோடு கைகுலுக்கினாலும் மங்க் உடனே கை நீட்டுவார்; ஷரோனா, பின்னாளில் அவர் இடத்துக்கு வந்த நட்டாலி, பேச்சை நிறுத்தாமலே ஈரத்துடைப்பானை எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் குரூரம் இல்லாமல் போவதற்குக் காரணம், இந்த முறை பாரம் முழுதும் துப்பறிவாளரின் தலையிலேயே இருப்பதுதான். தூசி தெரியும் கண்ணுக்குத்தான் தடயமும் தெரிகிறது. அதே கண்தான் அவரை நிம்மதியாக ஒரு தம்ளர் பால்கூடக் குடிக்க விடாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு கேடும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மூன்றாம் சீசனில் மங்க் மருந்து சாப்பிடும் எபிசோட் ஒன்று வருகிறது. அச்சங்கள் விலகி உல்லாசமாகத் திரிகிறார், கூர்மையோ மழுங்கிவிடுகிறது. கடைசியில் மருந்தை விட்டுவிடுகிறார். கதைக்கு அது பொருந்தலாம். நிஜத்தில் இந்த நோயோடு போராடுபவர்களுக்கு எந்த மேதைமையும் கைம்மாறாகக் கிடைப்பதில்லை. மருந்தும் ஆலோசனையும் பலருக்கு வாழ்க்கையைத் திருப்பித் தந்திருக்கின்றன. சிகிச்சை பெற்றால் திறமை போய்விடும் என்ற எண்ணத்துக்கு இத்தனை லட்சம் பேர் பார்த்த தொடர் தீனி போட்டிருக்கக் கூடாது. அதே தொடர், மனநல மருத்துவர் க்ரோகரின் அறையை அடிக்கடி மரியாதையோடு காட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ட்ரூடி கடைசியாகத் தந்த கிறிஸ்துமஸ் பரிசைப் பிரிக்க மனமில்லாமல் மங்க் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தார். இறுதி எபிசோடில்தான் பிரிக்கிறார். உள்ளே இருந்த வீடியோ நாடாவில், தன்னைக் கொல்லக்கூடியவர் யார் என்பதை ட்ரூடியே சொல்லியிருக்கிறார். ஊர்க் கொலைகளையெல்லாம் கண்டுபிடித்தவரின் வீட்டிலேயே விடை இருந்தது. துக்கம்தான் அதைக் கட்டிப் பூட்டி வைத்திருந்தது. புதிரையும் பாத்திரத்தையும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைத்த முடிவு இந்த மரபில் அரிது.

மங்க் வந்த அதே சேனலில் 2006இல் வந்த 'சைக்' தொல்லையை மறுபடி நண்பனின் தலைக்கே மாற்றியது. 2023இன் 'போக்கர் ஃபேஸ்', 2024இன் 'எல்ஸ்பெத்' இரண்டும் கொலம்போவின் பாதைக்குத் திரும்பின: கொலையாளியை முதலில் காட்டு, பிறகு அவரைப் படுத்து. மங்க்கின் பாதையில் துணிந்து போனவர்கள் அவரைப் படைத்தவர்கள்தாம். 2023 டிசம்பரில் வெளிவந்த திரைப்படத்தில், பெருந்தொற்றுக் காலம் கடந்தபின் மங்க் தன் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணும் நிலையில் இருக்கிறார். பழைய ரசிகர்களைச் சிரிக்கவைத்து அனுப்பும் எளிய படமாக அது இருந்திருக்கலாம். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் அந்தப் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்கவில்லை.