ஆம்பளைப் பாட்டு, பொம்பளைப் பாட்டு

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் வழக்கம்போல கரோக்கி நடந்தது. ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர், டி.வி. திரையில் நிறம் மாறிக்கொண்டே ஓடும் பாட்டு வரிகள், சுண்டல், டீ. பாடுகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள்தான். ஊரிலிருந்து வந்திருந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு 79 வயது. ‘நீங்களும் ஒண்ணு பாடுங்கம்மா’ என்று யாரோ சொன்னார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை, எழுந்து போய் ‘ஏரிக்கரையின் மேலே போடுங்க’ என்று கேட்டுவிட்டார்.

நிகழ்ச்சி நடத்துகிறவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: ‘அம்மா, அது ஜென்ட்ஸ் பாட்டுங்க. டி.எம்.எஸ். பாடினது. நீங்க சுசீலாம்மா பாட்டு ஏதாச்சும் சொல்லுங்க, போடறேன்.’ நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அக்காவும் சிரித்துவிட்டு, ‘அப்ப வேண்டாங்க’ என்று வந்து உட்கார்ந்துகொண்டு சுண்டல் சாப்பிட்டார்.

எனக்குத்தான் சுண்டல் இறங்கவில்லை. இதே பாட்டுக்கு ஏறக்குறைய இதே பதிலை அக்கா முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறார். ‘முதலாளி’ படம் 1957-ல் வந்தது. அடுத்த வருஷம் எங்கள் ஊர்க் கோயில் நோம்பிக்கு மைக்செட் கட்டி, அந்த ரெக்கார்டைத் தேயத் தேயப் போட்டார்கள். மூன்று நாளில் அக்காவுக்குப் பாட்டு முழுக்கப் பாடம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை பாடினார். பன்னிரண்டு வயது. கணீரென்ற குரல், தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். பெரியப்பா வெளியே வந்து, ‘பொட்டப்புள்ள ஆம்பளைப் பாட்டெல்லாம் பாடறதா? எந்திரிச்சு உள்ள போ’ என்றார். அதற்குப் பிறகு அக்கா திண்ணையில் பாடி நான் கேட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பெரியப்பா கே.பி. சுந்தராம்பாள் பைத்தியம். கொடுமுடி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. தான் பார்த்த முதல் பேசும் படம் ‘நந்தனார்’ என்று பெருமையாகச் சொல்லுவார். அந்த 1935 ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர் யார்? சுந்தராம்பாள். பண்ணையில் வேலை செய்கிற ஓர் ஆணின் வேடம், ஓர் ஆணின் ஏக்கம், ஒரு பெண்ணின் குரல். பெரியப்பா அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்.

அந்த வேடம் அவருக்கு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1933 டிசம்பரில் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைச் சேலை உடுத்தினார், மேடையை விட்டு ஒதுங்கினார், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். படத்துக்குக் கூப்பிட்டவர்கள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் லட்சம் என்பது காதில் கேட்கிற தொகை, கண்ணில் பார்க்கிற தொகை அல்ல. ஆண் வேடமே போட்டுவிட்டால் ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை அல்லவா? எதிரே வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கர்நாடக சங்கீத மேடையின் பெரிய வித்வான் ஆண்டையாக, சுந்தராம்பாள் அவருடைய பண்ணை ஆளாக. ஏழு வருஷம் கழித்து 1942-ல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தில் அதே வேடத்தை எம்.எம். தண்டபாணி தேசிகர் செய்தார். முதல் படம் வந்தபோது, பெண் பாடிய நந்தனாரா என்று கேட்டு யாரும் கொட்டகையை விட்டு எழுந்து போனதாகப் பெரியப்பா சொன்னதில்லை. இரண்டையும் பார்த்த அவர் சாகும்வரை சுந்தராம்பாள் கட்சி.

1941-ல் ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தார். அந்தச் சம்பளத்தில்தான் ‘கல்கி’ பத்திரிகை பிறந்தது. அதாவது, ஒரு பெண் ஆண் வேடத்தில் பாடிய பாட்டுக்கு நம் வாசிப்புப் பழக்கமே கடன்பட்டிருக்கிறது.

எதிர்த்திசையிலும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் நாடக சபையில் எல்லா வேடமும் பையன்களுக்கே. வள்ளியும் பையன், தெய்வயானையும் பையன். அந்தக் கம்பெனிகளில் எல்லோரும் பயந்த ஒரு சொல் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பருவம் அது. நேற்று வரை ராணியாகப் பாடியவன் இன்று வாயைத் திறந்தால் கரகரக்கும். சிலர் ராஜபார்ட்டுக்கு மாறினார்கள். சிலருக்குப் பாட்டே போய், சமையல்கட்டுக்கோ திரை இழுக்கவோ போனார்கள். அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம் பெரியவரான பிறகும் ஔவையாராக மேடையில் நடித்து, அவ்வை சண்முகம் என்றே பெயர் பெற்றார். சினிமாவில் 1953-ல் ஔவையாராக வந்தவர் நந்தனாராக நடித்த அதே சுந்தராம்பாள். யார் எந்தப் பக்கம் என்று கோடு போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

இன்னும் பின்னால் போனால் கோயிலே இருக்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நின்று பாடியிருக்கிறார். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை முழுக்கப் பெண்பிள்ளைகளின் பேச்சு. மார்கழி விடியற்காலையில் அதைத் தொண்டை கமறப் பாடுகிற ஓதுவாரைப் பார்த்து, ‘ஐயா, இது லேடீஸ் பாட்டு’ என்று யாராவது சொன்னதுண்டா? திருப்பாவைக்கு மெட்டமைத்துக் கச்சேரியில் பாடிப் பரப்பியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஆண்டாளின் சொல்லை ஆண் பாடலாம், அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

அப்படியென்றால் ‘ஜென்ட்ஸ் பாட்டு’ எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து என்று நினைக்கிறேன். ஒன்று கட்டை, மற்றொன்று முகம்.

கட்டை என்பது ஆர்மோனியக் கட்டை. முதல் வெள்ளைக் கட்டையை ஸட்ஜமமாக வைத்துப் பாடினால் ஒரு கட்டை சுருதி. கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு. ஐந்து கட்டையில் அமைந்த சுசீலா பாட்டு ஒன்றை ஒரு கட்டைக்காரர் பாட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். டிராக்கை அப்படியே ஓடவிட்டு அதே இடத்தில் பாடினால் மேல் ஸ்தாயியில் கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு ஸ்தாயி கீழே பாடினால் அனுபல்லவியில் குரல் கிணற்றுக்குள் போய்விடும். இரண்டும் இல்லாமல் டிராக்கையே இறக்க வேண்டும். ஐந்திலிருந்து ஒன்றுக்கு, கறுப்புக் கட்டைகளையும் எண்ணினால் ஏழு படி. ஏழு படி இறக்கினால் வயலின்கள் மாடு கத்துவது போல இருக்கும். நாலு படி போதும், இரண்டரை கட்டைக்கு வரும், சமாளித்துவிடலாம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

பழைய நாடக மேடையில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. மைக் கிடையாது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்குக் கேட்க வேண்டுமானால் ஆணும் உச்சக் கட்டையில்தான் பாடியாக வேண்டும். கிட்டப்பாவின் ரெக்கார்டை இன்று கேட்கிற பிள்ளைகள் பெண் குரலா என்று கேட்பார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் அந்த வழியில் வந்தவர்தான். மைக் வந்ததும் ஆண்கள் நிம்மதியாகக் கீழே இறங்கினார்கள். இறங்க இறங்க, ஆண் பாட்டும் பெண் பாட்டும் தள்ளித் தள்ளிப் போயின.

அடுத்தது முகம். 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாட்டு எட்டிப் பார்த்தது. 1945-ல் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் கதாநாயகி ருக்மிணிக்கு பி.ஏ. பெரியநாயகி குரல் கொடுத்தார். அதன் பிறகு பாடத் தெரிந்தவர் நடிக்க வேண்டியதில்லை, நடிக்கத் தெரிந்தவர் பாட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாட்டைக் கேட்டாலே ஒரு முகம் வந்து நிற்கிறது. டி.எம்.எஸ். என்றால் சிவாஜி அல்லது எம்.ஜி.ஆர். அந்த முகத்துக்கு மீசை இருந்தால் ஜென்ட்ஸ் பாட்டு. மீசை முளைக்காத வரை விதிவிலக்கு உண்டு: 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’ படத்தில் சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. அதை யாரும் லேடீஸ் பாட்டு என்று சொல்வதில்லை.

பாட்டை எழுதியவரின் முகம் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. ‘உள்ளம் உருகுதையா’ என்றால் டி.எம்.எஸ்., வேறு பேச்சே கிடையாது. தைப்பூசத்துக்கு ஊரெல்லாம் ஒலிக்கிற அந்த முருகன் பாட்டை எழுதியவர் மரகதம் என்ற அம்மையார், ஆண்டவன் பிச்சை என்று அறியப்பட்டவர். எங்கள் கிளப் ஹவுஸ் கணக்குப்படி, ஒரு பெண் எழுதிய பாட்டைப் பெண்கள் பாடக்கூடாது.

கரோக்கியைக் கண்டுபிடித்த ஊரில் என்ன நடந்தது என்றும் படித்துப் பார்த்தேன். ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடுவதற்குப் பின்னணி வாசித்துப் பிழைத்தவர் தைசுகே இனோவே. ஒரு சிறு கம்பெனி முதலாளிக்கு இவர் வாசித்தால்தான் பாட வரும். வெந்நீர் ஊற்று ஊருக்கு உல்லாசப் பயணம் போனபோது இவரையும் கூப்பிட்டார். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதரின் போக்குக்குத் தகுந்தபடி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அங்கிருந்துதான் 1971-ல் காசு போட்டால் இசை வரும் பெட்டி பிறந்தது. காப்புரிமை கூட வாங்கவில்லை, பாவம். டோக்கியோவில் நெகிஷி என்பவர் 1967-லேயே ஒரு பெட்டி செய்துவிட்டார் என்ற கட்சியும் உண்டு, அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். அடுத்த வருஷமே, 1972-ல், அந்த நாட்டில் லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்த இசைத்தட்டு ஒன்று, ஒரு பெண்ணின் புலம்பலை ஆண் பாடியது. ‘பெண்ணின் வழி’ என்று பாட்டுக்குப் பெயர். ஆக, பாடுகிறவனுக்குத் தகுந்தபடி இசையை மாற்றிக் கொடுக்க வந்ததுதான் கரோக்கி. நாம் அந்த இசைக்குத் தகுந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் அன்று ராத்திரி அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை போனில் அந்த டிராக்கை எடுத்து வைத்து, ‘பாடுக்கா, யாரும் இல்லை’ என்றேன். முதலில் முடியாது என்றார். பிறகு தொடங்கினார். பன்னிரண்டு வயதில் கேட்ட கணீர் இப்போது இல்லை. வயது ஆக ஆகப் பெண்களின் குரல் தடித்துக் கீழே இறங்கும். ஆண்களின் குரல் மெலிந்து சற்றே மேலே ஏறும். நானும் அக்காவும் போனில் பேசினால் இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கே ஆள் மாறிப்போகிறது. டி.எம்.எஸ். பாடிய இடத்துக்கு அக்காவே இறங்கி வந்திருந்தார். கீழ் ஸ்வரத்தில் மட்டும் எட்டாமல் காற்று வந்தது. இரண்டு படி ஏற்றினேன், சரியாக உட்கார்ந்தது. சரணம் முடிந்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே தண்ணீர் சத்தத்துக்கு நடுவே மறுபடி பாடிக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி நடத்துகிறவரைக் கீழே பார்த்து, நந்தனாரில் தொடங்கிக் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். ‘எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க சார். அடுத்த தடவை அம்மாவைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க, முதல் பாட்டு அவங்களுது’ என்றார்.

அக்கா ஊருக்குப் போய்விட்டார். நேற்று போனில் பேசும்போது வருவதாகச் சொன்னார். ‘நீ என்னடா பாடப் போற?’ என்று கேட்டார்.

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் தேவிகா சிதாரை வைத்துக்கொண்டு பாடுவாரே, ‘சொன்னது நீதானா’, அதுதான் என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நிற்க நேரமாயிற்று. ‘நாலு படி எறக்கிக்கோ’ என்றார்.