மின்னணு மருத்துவப் பதிவு (குடும்ப மருத்துவத்தில்)

நோயாளியின் நோய் வரலாறு, பரிசோதனை முடிவுகள், கொடுத்த மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றைக் கணினியில் தொடர்ந்து சேர்த்துவைக்கும் ஏற்பாடு. பிரிட்டனில் 1990களின் இறுதிக்குள் பெரும்பாலான குடும்ப மருத்துவர்கள் இதற்கு மாறிவிட்டார்கள். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் இது மருத்துவரின் மேசையைவிட கிராம சுகாதார செவிலியரின் கையில்தான் முதலில் வேரூன்றியது.

2008இல் வந்த பிக்மி திட்டம் ஒவ்வொரு கர்ப்பத்தையும் கணினியில் பதிந்து பின்தொடர்கிறது. செவிலியர் பதிந்ததும் 12 இலக்க ஆர்.சி.எச். (தாய்சேய் நல) எண் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் நடந்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். பதிவு பரவியதற்கு இந்தக் கட்டாயமே பெரிய காரணம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்காரர்களின் வீட்டு வாசலுக்கே பதிவைக் கொண்டுபோனது.

தனியார் கிளினிக்கில் அப்படிக் கட்டாயம் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. கணினிமயமாக்க முயல வேண்டும் என்றும் சொல்கின்றன. குடும்ப மருத்துவரிடம் வருபவர்களோ பெரும்பாலும் புறநோயாளிகள்.

மென்பொருள் வைத்திருக்கும் மருத்துவர் வழக்கமாகச் செல்போன் எண்ணைத் தட்டித்தான் தேடுவார். ஒரு வீட்டுக்கு ஒரே எண் என்றால் பாட்டி, மருமகள், பேரன் மூவரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். முத்துச்சாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் அடுத்தவர் வேறு விதமாகவும் அடித்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. சரியான பக்கம் திறந்துவிட்டால் பலன் உடனே தெரியும்: மூன்று மாத சராசரிச் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, சிறுநீரகப் பரிசோதனை எப்போது எடுத்தது என்பதெல்லாம் ஒரே பார்வையில் வரும். ஆனால் கூட்டம் நிற்கும் நேரத்தில் தட்டச்சு செய்யும் மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது குறைகிறது. பலர் சீட்டைக் கையால் எழுதிவிட்டு, மருந்துகளை மட்டும் உதவியாளரிடம் கணினியில் ஏற்றச் சொல்வது இதனால்தான்.

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், பழைய சீட்டும் ஸ்கேனும் அவருடைய மஞ்சள் பையில்தான் போகின்றன. இந்த இடைவெளியை அடைக்க வந்தது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் (2021). அதன் 14 இலக்க ஆபா (சுகாதாரக் கணக்கு) எண்ணுடன் பதிவுகளை இணைத்தால், நோயாளி சம்மதித்த பிறகு வேறு மருத்துவர் அவற்றைப் பார்க்கலாம். கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ஓ.பி. டோக்கன் வாங்குவது இதன் எளிய பயன். ஆனால் டோக்கன் வாங்கியதாலேயே மருத்துவர் எழுதியது பதிவில் ஏறிவிடாது. அந்த மருத்துவமனையின் மென்பொருளும் இயக்கத்தோடு இணைந்திருக்க வேண்டும், யாராவது உட்கார்ந்து அதை உள்ளிடவும் வேண்டும்.