மனுதாரராகிய நான்

கூடலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஸ்ரீமதுரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் பட்டா, ஜாதிச் சான்றிதழ், யானை மிதித்த வாழைக்கு நஷ்டஈடு என்று பொழுது போய்விடும். வருகிறவர் ஆயிரம் சொல்வார். நான் ‘மனுதாரராகிய நான்’ என்று ஆரம்பித்து அதை ஒரு பக்கத்தில் அடக்கிவிடுவேன். அடங்காதது அவரோடேயே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

ஜெயிலுக்குள்ளிருந்து தங்கள் வழக்கைத் தாங்களே எழுதியவர்களின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

ஊட்டி போகிற வழியில் நடுவட்டத்தில் பழைய ஜெயில் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1860-களில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்துச் சின்கோனா தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். மலைக்காய்ச்சலுக்கான கொயினா அந்த மரப்பட்டையிலிருந்து எடுப்பதுதான். அந்தக் கைதிகளில் ஒருவன் தன் பாஷையில் நாலு வரி எழுதியிருந்தாலும் இந்த மலையில் அதை வாசிக்க யார் இருந்தார்கள்?

நூறு வருஷம் கழித்து, திகார் சிறையில் சுனில் பத்ரா என்ற தூக்குத்தண்டனைக் கைதி. தீர்ப்பு இன்னும் மேல்கோர்ட்டில் நிற்கும்போதே தனிக்கொட்டடியில் போடுவது என்ன நியாயம் என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 1978 ஜனவரியில் தலைமை நீதிபதி பெக், கிருஷ்ணய்யர், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன கைலாசம் மூவரும் சிறைக்கே போய்ப் பார்த்தார்கள். தண்டனை முற்றிலும் உறுதியாகும்வரை அப்படித் தனிமையில் அடைக்கக் கூடாது என்று அந்த ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது பத்ரா பிறகு எழுதிய கடிதம். அது தனக்காக எழுதியதல்ல. உறவினரிடமிருந்து பணம் பிடுங்குவதற்காக ஒரு வார்டர் இன்னொரு கைதியைத் தடியால் குரூரமாகக் காயப்படுத்தினார் என்பதுதான் அதில் இருந்த புகார். நாங்கள் வாசலில் உட்கார்ந்து போடுகிற சடங்கு வார்த்தை எதுவும் இல்லாத வெறும் கடிதம். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். விசாரித்து வர சித்தலே, முகுல் முத்கல் என்ற இரண்டு வக்கீல்களைச் சிறைக்குள் அனுப்பியது. 1979 டிசம்பர் 20 அன்று வந்த தீர்ப்பில், சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. தீர்ப்பு எழுதிய கிருஷ்ணய்யரே 1948-இல் ஒரு மாதம் ஜெயிலில் இருந்தவர். அது கொஞ்சமாவது உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

நம்மூர்ப் பக்கம் 2019-இல் நளினி. ராஜீவ் கொலை வழக்கில் அப்போது ஆயுள் கைதி, 1991 முதல் உள்ளே இருந்தவர். மகள் கல்யாண ஏற்பாட்டுக்கு ஆறு மாதம் விடுப்பு வேண்டும், நானே வாதாடுகிறேன் என்றார். ஜூலை 5 அன்று வேலூர் பெண்கள் சிறையிலிருந்து போலீஸ் காவலோடு சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். நீதிபதிகள் சுந்தரேஷ், நிர்மல்குமார் முன்னால் நின்று தானே பேசினார். கிடைத்தது ஒரு மாதம், அதுவும் பேட்டி கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கோர்ட்டுக்குள் பேசிய வாயை வெளியே மூடிக்கொள்ள வேண்டும்!

தானே வாதாடுவதைப் பெரிய வீரமென்று நான் தூக்கிவைக்கவில்லை. காவலில் இருப்பவருக்கு 1987 சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, கேட்டு வாங்குவதுதான் புத்தி. ஆனால் எந்த வக்கீலும் பட்டவனின் வார்த்தையைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் கொடுப்பார். நானும்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி, ரிமாண்டில் இருந்த பேரனின் கடிதத்தோடு வந்தார். சட்ட உதவிக் குழுவுக்கு ‘ஒழுங்கான மனுவா’ மாற்றித் தரச் சொன்னார். பென்சில் எழுத்து, ஏகப்பட்ட பிழை, ஆனால் எந்த நாள், எந்த நேரம், யார் என்ன சொன்னது எல்லாம் இருந்தது. மேலே முகவரி மட்டும் எழுதி, அந்தக் காகிதத்தையே பின்னால் குத்தி நீட்டினேன். கூலி ஐம்பது ரூபாய் என்றேன்.

“நீ என்னத்தய்யா எழுதுன?” என்று இருபதை வைத்துவிட்டுப் போனார்.