கைக்கடிகாரம் உடலுக்கா, செய்திக்கா?

மூன்று வருடங்களுக்கு முன்னர் எனது இருதய இரத்தக்குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் இரண்டு புத்திமதிகளைக் கூறினார். தினமும் காலையில் நடக்கவேண்டும் என்பது ஒன்று. பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பது மற்றையது. நடப்பது பெரிய காரியமல்ல. ஆனால், நாற்பது வருடங்களுக்கும் அதிகமான காலத்தை பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பதிப்புக்களுடன் கழித்த ஒருவனிடம் பதற்றத்தைக் குறைக்குமாறு கேட்பது சற்று அதிகமான எதிர்பார்ப்புத்தான்.

விடயத்தைக் கேள்விப்பட்ட மகன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசினான். "அப்பா, உங்களுக்கு ஒரு மணிக்கூடு அனுப்பப்போறன். எத்தனை அடி நடந்தனீங்கள், நாடித்துடிப்பு எவ்வளவு எண்டு மட்டும் காட்டுறது போதுமோ? இல்லாட்டி போனில வாறதெல்லாம் கையிலயே வாற ஸ்மார்ட் மணிக்கூடு வேணுமோ?" என்று கேட்டான். யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். எந்தவொரு பிரச்சினையிலும் கருத்துச் சொல்வதற்கு முன்னர் பழைய பத்திரிகைக் கோவைகளைப் புரட்டிப்பார்ப்பது எமது தொழிலில் ஊறிப்போன பழக்கம். அவ்வாறு புரட்டியபோது தெரியவந்தவற்றில் ஒரு பகுதியை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மகன் கேட்ட அதே கேள்விக்கு விடை காண்பதற்காகப் பெரிய கம்பனிகள் அரை நூற்றாண்டாகப் பெரும் பணத்தை வாரியிறைத்திருக்கின்றன. கேள்வியோ அதைவிடவும் பழைமையானது.

உடலைக் கணக்கெடுக்கும் கடிகாரம் எமது காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோமானால் அது தவறு. இங்கிலாந்தின் லிச்பீல்ட் நகரைச் சேர்ந்த சேர் ஜோன் ஃபுளோயர் என்ற மருத்துவர் 1707 ஆம் ஆண்டில் நாடித்துடிப்புக் கடிகாரம் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அவருக்கென விசேடமாகச் செய்யப்பட்ட அந்தக் கடிகாரம் சரியாக ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடும். அந்த நேரத்துக்குள் நோயாளியின் நாடி எத்தனை தடவை துடிக்கிறது என்பதை அவர் எண்ணினார். அதுவரை நாடியை 'வேகமானது', 'மெலிந்தது' என்று சொற்களால் வர்ணித்துவந்த மருத்துவத்துக்கு அவர் ஒரு எண்ணைக் கொடுத்தார். இதே ஃபுளோயர்தான், பின்னாளில் ஆங்கில அகராதியைத் தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சன் குழந்தையாக இருந்தபோது அவரது கழுத்துக் கழலை குணமாவதற்கு ஆன் மகாராணி தொட்டால் நல்லது என்று ஆலோசனை கூறியவர். தாயாரும் 1712 ஆம் ஆண்டில் குழந்தையை லண்டனுக்குத் தூக்கிச்சென்றார். மகாராணி தொட்டார், கழலை போகவில்லை. அளவீடும் மூடநம்பிக்கையும் ஒரே தலைக்குள் சேர்ந்து வாழமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

காலடியை எண்ணிய கதை இன்னும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திபெத்துக்குள் வெள்ளையர்கள் நுழையமுடியாதிருந்தபோது, அந்த நாட்டின் வரைபடத்தை எப்படியாவது தயாரித்துவிடவேண்டும் என்று விரும்பிய இந்திய நில அளவைத் திணைக்களம், இமயமலைக் கிராமத்துப் பாடசாலை ஆசிரியரான நைன் சிங் என்பவருக்கு டெஹ்ராடூனில் பயிற்சி அளித்து இரகசியமாக அனுப்பிவைத்தது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே அளவான அடி வைத்து நடப்பதற்கு அவர் பழக்கப்படுத்தப்பட்டார். யாத்திரிகர் வேடத்தில் சென்ற அவரது கையில் இருந்த ஜெபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணியாக அவர் தள்ளிக்கொண்டே நடந்தார். மந்திரத் தாள் இருக்கவேண்டிய பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் அவரது குறிப்புகள் இருந்தன. 1866 ஜனவரியில் அவர் லாசாவைச் சென்றடைந்தார். லண்டனில் உள்ள ரோயல் புவியியல் சங்கம் 1877 ஆம் ஆண்டில் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கிக் கௌரவித்தது என்பது உண்மையே. ஆனால், நடந்த கால்கள் அவருடையவை, எண்ணிக்கை பேரரசினுடையது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னர் இந்த விடயத்துக்குத் திரும்பி வருவோம்.

பெண்களின் ஆபரணமாகக் கருதப்பட்ட கைக்கடிகாரத்தை ஆண்களின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகள் என்பது பலரும் அறிந்த கதை. அதை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. இலத்திரனியல் யுகத்தில்தான் உண்மையான இழுபறி ஆரம்பமாகியது.

1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹமில்டன் கம்பனி 'பல்சார்' என்ற இலத்திரனியல் கைக்கடிகாரத்தை 2,100 டொலர்களுக்கு விற்பனைக்கு விட்டது. அன்று அந்த நாட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய காரை வாங்கியிருக்கமுடியும். நேரத்தைப் பார்ப்பதற்கு மற்றக் கையால் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும் என்பதுதான் வேடிக்கை. அதற்குப் பிறகு மணிக்கட்டில் எதை ஏற்றுவது என்பதில் ஒரு பெரும் போட்டியே மூண்டது. கணிப்பான் ஏறியது. 1982 இல் ஜப்பானின் சைக்கோ கம்பனி தொலைக்காட்சியை ஏற்றியது; அதற்கான அலைவாங்கிப் பெட்டியைச் சட்டைப்பையில் சுமந்து திரியவேண்டியிருந்தது. 1994 இல் டைமெக்ஸ் கம்பனியும் மைக்ரோசொப்டும் சேர்ந்து உருவாக்கிய கடிகாரத்துக்கு கணினித் திரையில் மின்னும் ஒளிக்கோடுகளின் மூலம் தொலைபேசி இலக்கங்களும் சந்திப்பு நேரங்களும் அனுப்பப்பட்டன. 2004 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் மேலும் ஒரு படி சென்று, வானொலி அலைகளின் ஊடாகச் செய்தித் தலைப்புகளையும் காலநிலையையும் பங்குச்சந்தை விலைகளையும் மணிக்கட்டுக்கு அனுப்பியது. வருடச் சந்தா 59 டொலர்கள். செய்தி வரும், பதில் அனுப்பமுடியாது. 2008 இல் அந்தக் கடிகாரங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. சில வருடங்களில் சேவையும் ஓய்ந்துபோனது.

இவையெல்லாம் அலுவலகத்தைச் சுருக்கி மணிக்கட்டில் கட்டுவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள். கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் இல்லாத காரணத்தினால் அவை தோற்கவில்லை. மேசையில் ஒன்றும் சட்டைப்பையில் ஒன்றுமாக ஏற்கெனவே அந்த வேலைகளைச் செய்வதற்குச் சாதனங்கள் இருந்தன. மணிக்கட்டில் அதே வேலை மோசமாக நடந்தது. அவ்வளவுதான்.

அதே காலகட்டத்தில் மறுபக்கத்தில் சத்தமில்லாமல் வேறொன்று நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக் போட்டி நடந்து முடிந்த மறு வருடமான 1965 இல் ஜப்பானில் 'மன்போ-கேய்' என்ற பெயரில் இடுப்பில் மாட்டும் ஒரு சிறிய கருவி விற்பனைக்கு வந்தது. 'பத்தாயிரம் அடிமானி' என்பது அந்தப் பெயரின் பொருள். தினமும் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்று இன்று உலகெங்கும் வேதவாக்காகச் சொல்லப்படுகின்ற இலக்கின் பிறப்பிடம் அந்த விற்பனைப் பெயரேயன்றி ஒரு பெரிய மருத்துவ ஆய்வு அல்ல. சராசரி 72 வயதான 16,741 பெண்களை அவதானித்து 2019 இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் மரண வீதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு அப்பால் மேலதிக நன்மை தென்படவில்லை. பத்தாயிரத்தை எட்டமுடியாமல் மனம் நோகின்ற என் வயதுக்காரர்கள் இதைக் கவனத்திற்கொள்வது நல்லது.

பின்லாந்தில் ஊலு பல்கலைக்கழகப் பேராசிரியரான செப்போ சைனயாகங்காஸ் 1977 இல் போலர் கம்பனியை நிறுவினார். பனிச்சறுக்கு வீரர்கள் ஓட்டத்தை நிறுத்தாமலேயே தங்களது இருதயத் துடிப்பை அறிந்துகொள்ள வழி செய்யவேண்டும் என்பதே அவரது நோக்கம். 1982 இல் அந்தக் கம்பனி வெளியிட்ட கருவியில் மார்பில் கட்டிய பட்டியிலிருந்து கம்பியில்லாமலேயே மணிக்கட்டுக்குத் துடிப்பின் எண்ணிக்கை வந்து சேர்ந்தது. ஒரே ஒரு வேலை. அந்த வேலையைச் செய்வதற்கு வேறு சாதனம் இல்லை. ஃபுளோயரின் கடிகாரம் இருநூற்றியெழுபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு விளையாட்டு வீரனின் கைக்கு வந்துசேர்ந்தது என்று கூறலாம்.

2007 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பிக்கப்பட்ட ஃபிட்பிட் அதை விளையாட்டு வீரரல்லாத சாதாரண மனிதர்களிடம் கொண்டுசென்றது. செய்திகளை மணிக்கட்டுக்குக் கொண்டுவரும் 'பெபிள்' என்ற கடிகாரத்துக்கு 2012 இல் 68,000 க்கும் அதிகமானோர் இணையத்தின் வழியாகப் பத்து மில்லியன் டொலர்களுக்கு மேல் முன்பணம் கொடுத்தனர். நான்கு வருடங்கள் கழித்து, 2016 டிசெம்பரில் பெபிள் மூடப்பட்டு, அதன் மென்பொருள் சொத்துக்களை வாங்கியது வேறு யாருமல்ல, காலடியை எண்ணிப் பிழைத்த ஃபிட்பிட்தான். அப்போது தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது போன்றே தோன்றியது.

ஆனால், வரலாறு அவ்வளவு இலகுவாக வழிவிடுவதில்லை. 2015 ஏப்ரிலில் அப்பிள் தனது கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அதை எதற்காக வாங்கவேண்டும் என்பதில் அந்தக் கம்பனிக்கே தெளிவு இருந்ததாகத் தெரியவில்லை. நண்பருக்கு உங்கள் இருதயத் துடிப்பை அனுப்பலாம் என்றார்கள். தங்கத்தில் செய்த கடிகாரத்துக்கு 10,000 டொலர்களும் அதற்கு மேலும் விலை சொன்னார்கள். அடுத்த வருடமே தங்கக் கடிகாரம் கைவிடப்பட்டது. நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் ஏற்றதாக, ஜி.பி.எஸ். வசதியுடன் புதிய கடிகாரம் வந்தது. 2018 இல் ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது. மனிதகுலத்துக்குத் தங்கள் கம்பனியின் மிகப்பெரிய பங்களிப்பு சுகாதாரத் துறையில்தான் அமையும் என்று 2019 ஜனவரியில் தலைமை அதிகாரி ரிம் குக் கூறினார். செய்திக்கடிகாரமாகப் பிறந்தது நாடிக்கடிகாரமாக மதம்மாறியது. அதேவேளை, ஃபிட்பிட் எதிர்த்திசையில் ஓடி, 2017 இல் 300 டொலர் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தை வெளியிட்டு, எதிர்பார்த்த வெற்றியைக் காணாமல் இறுதியில் 2.1 பில்லியன் டொலர்களுக்கு கூகுளின் கைக்குப் போய்ச்சேர்ந்தது.

எனவே, மணிக்கட்டு உடலுக்கு உரியது என்பதே எனது அபிப்பிராயம். அந்தக் கருவிகள் அற்புதங்களை நிகழ்த்துகின்றன என்று இதற்கு அர்த்தம் கொள்ளக்கூடாது. எடை குறைப்பதற்கு முயன்ற 471 பேரை இரண்டு வருடங்கள் அவதானித்த பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வு 2016 இல் வெளியானது. கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். கருவியைக் கையில் கட்டினால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல பாடம். நான்கு இலட்சத்து 19 ஆயிரம் பேர் பங்கேற்ற அப்பிளின் இருதய ஆய்வில் சீரற்ற துடிப்புப் பற்றிய எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதத்தினரே. அவர்களில் பட்டி ஒட்டிப் பரிசோதித்துக்கொண்டவர்களிடையே மூன்றில் ஒரு பங்கினருக்கு மாத்திரமே அந்தப் பரிசோதனையில் அந்தக் கோளாறு பதிவானது.

என்னை உறுத்துவது வேறொரு விடயம். உடற்பயிற்சிப் பாதைகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற செயலி, தனது பாவனையாளர்கள் ஓடிய, நடந்த பாதைகளையெல்லாம் ஒரே உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக 2017 நவம்பரில் வெளியிட்டது. சிரியாவினதும் ஆப்கானிஸ்தானினதும் இருண்ட பாலைவனங்களில் ஆங்காங்கே பிரகாசமான சிறு வட்டங்கள் தெரிந்தன. 2018 ஜனவரியில் ஒரு அவுஸ்திரேலிய மாணவர் அதைச் சுட்டிக்காட்டினார். முகாம்களின் வேலியோரமாகக் காலையில் ஓடிய படையினரின் காலடிகளே அந்த வட்டங்கள். போர்க்கள வலயங்களில் இத்தகைய வசதிகளைப் பயன்படுத்துவதற்கு அந்த வருடம் ஆகஸ்ட்டில் பென்டகன் தடைவிதித்தது. நைன் சிங் எதற்காக எண்ணுகிறார் என்பதை அறிந்தே எண்ணினார். இந்தப் படையினருக்கு தாங்கள் வரைபடம் வரைந்துகொண்டிருப்பதே தெரியாது. ஃபிட்பிட்டை கூகுள் வாங்குவதற்கு 2020 டிசெம்பரில் அனுமதி வழங்கிய ஐரோப்பிய ஆணைக்குழு, ஐரோப்பியப் பாவனையாளரின் உடல்நலத் தரவுகளை விளம்பரத்துக்குப் பத்து வருடங்கள் பயன்படுத்தக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களின் இருதயம் எந்த வகையில் குறைந்தது என்பதை அந்த நிபந்தனை கூறவில்லை.

மகன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு வேலைகளையும் செய்கின்ற கடிகாரத்தை அனுப்பிவைத்தான். வெள்ளவத்தை மரைன் ட்ரைவில் ஒருநாள் காலை நடந்துகொண்டிருந்தபோது அது மணிக்கட்டில் அதிர்ந்தது. பார்த்தேன். எழுபதுகளின் இறுதியில் என்னுடன் ஒரே மேசையில் இருந்து மொழிபெயர்த்த நண்பர் ஒருவர் வெளிநாட்டில் காலமாகிவிட்டார் என்ற வட்ஸ்அப் செய்தி. கடலைப் பார்த்தபடி சுவரில் உட்கார்ந்துவிட்டேன். சிறிது நேரத்தில் விரல் பட்டு அந்தச் செய்தி மறைய, நாடித்துடிப்பு 121 என்று கடிகாரம் காட்டியது. சற்று முன்னர் அது 88 ஆக இருந்தது. செய்தியைக் கொண்டுவந்ததும் அதுதான். அந்தச் செய்தி என்னை என்ன செய்தது என்று எழுதிவைத்ததும் அதுதான்.

அன்று மாலை பேரனிடம் தொலைபேசியில் கேட்டு செய்திகள் வரும் வசதிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டேன். பாதையைப் பதிவு செய்யும் வசதியையும் நிறுத்திவிட்டேன். நடந்துவந்த பிறகு அடிகளின் எண்ணிக்கையைப் பழைய நிருபர் குறிப்புப் புத்தகம் ஒன்றில் திகதியிட்டு எழுதிவைக்கிறேன். இன்று காலை 6,140. காலை ஐந்தரை மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் அனுப்புகின்ற செய்திகளுக்கு ஏன் பதில் வருவதில்லை என்று கேட்டிருக்கும் நண்பர்கள் பொறுத்தருளவேண்டும்.