அரிசி விலை ஏன் ஏறுகிறது? வேளாண் பொருளியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் 1ஆம் தேதி இங்கு இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை பெர்னாஸ் டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்ளூர் அரிசியின் கட்டுப்பாட்டு விலை மட்டும் 10 கிலோ 26 ரிங்கிட்டிலேயே நின்றது. எல்லாரும் மலிவான அரிசியைத் தேடினார்கள். கடைகளில் உள்ளூர் அரிசி கிடைப்பதே அரிதானது. இப்படி ஒரு விலை மற்றொன்றை எப்படி இழுக்கிறது என்று கணக்குப் போடுபவர்தான் வேளாண் பொருளியலாளர்.

“விவசாயம் படித்து மறுபடியும் தோட்டத்துக்கா?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உண்டு. பால்மரத் தோட்டங்களில் பட்ட பாடு அப்படிக் கேட்க வைக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் இந்தத் துறையில் கையில் இருப்பது மண்வெட்டி அல்ல, புள்ளிவிவரம். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் அமோகமாக விளைந்தால் விவசாயியின் வருமானம் ஏன் குறைகிறது? விலை பாதியானாலும் யாரும் இரண்டு மடங்கு முட்டைக்கோஸ் சாப்பிடுவதில்லை. முதலாண்டு பாடம் ஏறக்குறைய இங்கேதான் தொடங்கும்.

இத்துறைக்கு முதலில் நினைவுக்கு வருவது செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம். 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய அது, 1997 வரை ‘பெர்த்தானியான்’ பல்கலைக்கழகமாக இருந்தது. மூத்தவர்கள் சிலர் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் யூபியூ வழி விண்ணப்பிக்கலாம். பாடப்பிரிவின் பெயர் ‘வேளாண் வணிகம்’ என்றும் இருக்கலாம் என்பதால் பட்டியலைக் கவனமாகப் பார்க்க வேண்டும். உயிரியலை விட இங்கு அதிகம் கைகொடுப்பது கணிதம்தான்.

வேலை எங்கே? காய்கறி, பழம், மீன் விலைகளைக் கண்காணிக்கும் ஃபாமா, ஆய்வு நிறுவனமான மார்டி, செம்பனை எண்ணெய் வாரியம், விவசாயக் கடன் வழங்கும் அக்ரோபேங்க் ஆகியவை அரசு சார்ந்தவை. தனியார் துறையில் தோட்ட நிறுவனங்களும் எண்ணெய் வர்த்தகர்களும் உள்ளனர். கோலாலம்பூர் சந்தையில் 1980 முதல் நடக்கும் கச்சா செம்பனை எண்ணெய் முன்பேர வணிகத்தின் விலையையே உலக வர்த்தகர்கள் அளவுகோலாகப் பார்க்கிறார்கள். அந்த விலையைத் தினமும் படித்து, எப்போது விற்கலாம் என்று நிறுவனத்துக்குச் சொல்வதும் ஒரு வேலை.

அரசு வேலைக்குக் காலியிடம் அறிவிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் எக்செல்லைத் தாண்டி ஒரு புள்ளியியல் மென்பொருளாவது கற்றுக்கொள்வது நல்லது. மலாயில் அறிக்கை எழுதும் பழக்கமும் வேண்டும்.