ஸ்பார்ட்டா: அடிமைகளுக்கு அஞ்சிய வீரர்கள்

ஸ்பார்ட்டா என்றதும் தெர்மோபைலே கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து மடிந்த லியோனிடாசும் அவனுடைய 300 வீரர்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இந்த வீரர்களுக்கு உணவை விளைவித்துக் கொடுத்தவர்கள் யார்?

ஸ்பார்ட்டா சமுதாயத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. முதலாவது, முழுக் குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டியேட்டுகள். போர்தான் இவர்களுடைய தொழில். இரண்டாவது, 'சுற்றி வாழ்வோர்' எனப் பொருள்படும் பெரியோய்கோய். வணிகமும் கைத்தொழிலும் செய்த இவர்கள் போருக்கும் போனார்கள். ஆனால் ஆட்சியில் பங்கு இல்லை. மூன்றாவது, ஹெலட்டுகள். லகோனியாவிலும், ஸ்பார்ட்டா போரிட்டுப் பிடித்த மெசீனியாவிலும் நிலத்தை உழுத அடிமைகள் இவர்கள்.

கி.மு. 479இல் பிளாட்டியா போருக்குப் போன 5,000 ஸ்பார்ட்டியேட்டுகளுடன் ஆளுக்கு 7 ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர் சென்றதாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆண்டவர்களைவிட ஆளப்பட்டவர்கள் பல மடங்கு அதிகம். ஸ்பார்ட்டாவின் அச்சம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆண்டுதோறும் பதவியேற்ற எஃபோர்கள் என்ற 5 அதிகாரிகள் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். அதன்பின் ஒரு ஹெலட்டைக் கொன்றாலும் பாவமில்லை. கிரிப்டெயா என்ற பெயரில் இளைஞர்கள் இரவில் மறைந்திருந்து ஹெலட்டுகளைக் கொன்றதாகப் புளூட்டார்க் கூறுகிறார். போரில் சிறந்து விளங்கியதாகச் சொல்லிக்கொண்ட சுமார் 2,000 ஹெலட்டுகளுக்கு மாலை சூட்டி, விடுதலை தருவதாக நம்பவைத்து, பிறகு சுவடே தெரியாமல் அழித்ததைத் துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார்.

ஆண்டவர்களாவது சுதந்திரமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 7 வயதில் சிறுவனை அரசு எடுத்துக்கொண்டது. திருமணம் ஆன பிறகும் 30 வயது வரை படைவீரர்களோடுதான் தங்க வேண்டும். தினமும் பொது உணவுக் குழுவில் சாப்பிட வேண்டும். அதற்குரிய தானியப் பங்கைத் தர முடியாதவன் முழுக் குடியுரிமையை இழந்தான்.

இந்த விதியும் போர்களும், நிலம் சிலர் கையில் சேர்ந்ததும் குடிமக்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. கி.மு. 371இல் லியூக்ட்ராவில் போரிட்ட சுமார் 700 ஸ்பார்ட்டியேட்டுகளில் 400 பேர் இறந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் தீப்ஸ் நகரத் தளபதி எபமினோண்டாஸ் மெசீனியாவை விடுவித்தார். பல தலைமுறைகளாக அடிமைப்பட்டிருந்தவர்கள் தங்களுக்கென மெசீன் என்ற நகரைக் கட்டிக்கொண்டார்கள். ஸ்பார்ட்டா அதன்பின் தலைநிமிரவே இல்லை.

மதில் இல்லாத நகரம் என்று ஸ்பார்ட்டா பெருமைப்பட்டது உண்டு. ஆனால் அது அஞ்சிய எதிரி வெளியே இல்லை. அதன் வயல்களிலேயே இருந்தான்.