மரபுவில்லில் குறிபார்த்தல்

குறிகாட்டும் கருவி எதுவும் பொருத்தாத வில்லால், வெவ்வேறு தொலைவிலுள்ள இலக்குகளை எய்யும் முறைகள். விட்ட அம்பு வளைந்து சென்றே விழும். எய்பவரின் கண்ணோ அம்புக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஒரு வில்லுக்கு ஏதோ ஒரு தொலைவில் மட்டுமே அம்பு முனையை இலக்கிலேயே வைத்து எய்யலாம். இலக்கு அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் முனை கீழே இறங்க வேண்டும். எட்டத்தில் இருந்தால் மேலே ஏற வேண்டும்.

பழைய இங்கிலாந்தில் இதற்குப் பழக்கம்தான் மருந்து. 24 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே இலக்கில் எய்து பழகாமல், ஒவ்வொரு முறையும் இலக்கை மாற்றி எய்ய வேண்டும் என்று எட்டாம் ஹென்றி காலத்து 1541 சட்டம் விதித்தது. போர்க்களத்தில் பகைவன் அளந்த தூரத்தில் வந்து நிற்கமாட்டான் அல்லவா? 1545இல் 'டாக்ஸஃபிலஸ்' நூலை எழுதிய ரோஜர் ஆஸ்கம், நாணைக் காதுவரை இழுக்கச் சொன்னார். கண் இலக்கைவிட்டு அகலக் கூடாது என்றார்.

காதுவரை இழுப்பதில் ஒரு கோளாறு உண்டு. வலக்கையால் இழுப்பவருக்கு அம்பு கண்ணுக்கு வலப்புறம் ஒதுங்கிவிடுவதால், முனை இலக்குக்கு நேரே தெரியும்போது அம்பு உண்மையில் இடப்பக்கம் நோக்கியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில வில்லாளர் ஹொரேஸ் ஃபோர்டு இதைக் கண்டுகொண்டார். அம்பு குறிபார்க்கும் கண்ணுக்கு நேர் கீழே வரும்படி நாண் இழுக்கும் கையை முகத்தின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவந்தார். பக்கவாட்டுப் பிழை நீங்கவே, உயரத்தை மட்டும் கவனித்தால் போதும் என்றாயிற்று. கிட்டத்து இலக்கு என்றால் அதற்கு முன்னே தரையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, அம்பு முனையை அங்கே வைத்து எய்யலாம். 1849 முதல் 1859 வரை தொடர்ந்து 11 முறை தேசிய வாகையர் அவரே. 1857இல் செல்டன்ஹாமில் 100, 80, 60 கெஜத் தொலைவுகளில் எய்த 288 அம்புகளுக்கு 1,251 புள்ளிகள் எடுத்தார். 1856இல் வெளிவந்த அவரது நூல் விற்கலையைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. இவ்வரலாற்றில் அது ஒரு பெரிய திருப்பம்.

வேட்டையில் தரையைக் குறித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அமெரிக்க வேட்டைக்காரர் ஹோவர்ட் ஹில், கண்ணை இலக்கில் நிறுத்தி, அம்பு முனைக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியை ஓரப்பார்வையால் அளந்தார். இலக்கைத் தவிர வேறெதையும் பாராமல் கை தானாகச் சரிசெய்துகொள்ள விடுவது 'உள்ளுணர்வு எய்தல்'. அதில் தேற நெடுநாள் பயிற்சி வேண்டும்.

இன்னொரு வழி, முனையை இலக்கிலேயே வைத்துக்கொண்டு நாணைப் பிடிக்கும் விரல்களை இறக்குவது. எய்பவர் விரல் காக்கும் தோல்துண்டின் தையல்களைக் கட்டைவிரல் நகத்தால் எண்ணி, தூரத்துக்கேற்பக் கீழே பிடிக்கிறார். அம்பின் பின்முனை கண்ணுக்கு நெருங்குவதால் கிட்டத்து இலக்கும் வசப்படும். ஆனால் வில்லின் மேல், கீழ்த் தண்டுகளில் இழுவிசை சமமாக இராது; சத்தமும் கூடும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பு 'பேர்போ' (வெறுவில்) பிரிவில் இதை அனுமதிக்கிறது; 'லாங்போ' (நெடுவில்) பிரிவில் அனுமதிப்பதில்லை.